சாகாத மீன்தான் வேண்டும்

ஏப்ரல் 22, செவ்வாய்

சாயங்காலம் தண்டோரா போட்டுவிட்டார்கள். மே பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை, எங்கள் மணக்குடிப்பட்டிப் பெரிய கண்மாயில் மீன்பிடித் திருவிழா. நான்கு வருஷம் கழித்து நடக்கிறது. விடாமல் மழை பெய்ததில் தண்ணீர் வற்றவே இல்லை. முழங்காலளவுக்கு வற்றாமல் கண்மாயில் இறங்கக் கூடாது, அதுவரை ஒரு தூண்டில்கூடப் போடக் கூடாது என்பது ஊர்க்கட்டு. பிடிக்கிற அன்றைக்கு ஊரே இறங்கும், சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களும் வருவார்கள். பிடித்ததை விற்கக் கூடாது. அன்றைக்கே குழம்பு வைத்துத் தின்ன வேண்டும். அப்படிச் செய்தால்தான் அடுத்த வருஷம் மழை.

தண்டோராச் சத்தம் தெருமுனையைத் தாண்டவில்லை, ஆறு பேர் ஜாக்கெட் துணியோடு என் தையல் மெஷின் முன்னால் நிற்கிறார்கள். சேற்றில் புரளப் போகிறவளுக்கு முதுகில் ஜன்னல் வைத்த ஜாக்கெட் எதற்கடி என்று கேட்டால் சிரிக்கிறார்கள். விரால் மயங்கி வந்து விழுமாம்.

என் வீட்டுக்காரர் வெள்ளைக்கண்ணுதான் நான்கு வருஷமாகக் கண்மாய்க் காவல். சொந்தத் தம்பி தூண்டிலோடு போனதற்கே காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஊர்த்தலைவர் அம்பலத்தின் முன்னால் நிறுத்திய மனுஷன். இன்று சோற்றில் கை வைக்காமல் பேசிக்கொண்டே இருந்தார்.

"ஒவ்வொரு விராலும் என் தொடை தண்டி இருக்கும் திலகா."

"உங்க தொடை தண்டின்னா அயிரைன்னு சொல்லுங்க."

சிரித்தார். நாளைக்குக் கண்மாய்ப் பக்கம் ஒரு நடை வா, காட்டுகிறேன் என்றார். தையல் கிடக்கிறது என்றேன். கிடப்பது உண்மைதான். நான் அந்தப் பக்கம் போய் நான்கு வருஷமாகிறது என்பது அவருக்கு இன்னும் உறைக்கவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

கரையில் ஒரு நீர்க்காகம் செத்துக் கிடந்ததாம். தொண்டையில் என்னவோ அடைத்துக்கொண்டு, உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் மூச்சு முட்டிச் செத்திருக்கிறது. இவர் குச்சியால் நெம்பி எடுத்துப் பார்த்திருக்கிறார்.

"மீனுன்னா மீனுமில்ல, ஓணான்னா ஓணானுமில்ல. தகரத்துல செஞ்சு வச்ச மாதிரி இருக்கு. வாய் அடிப்பக்கம் இருக்கு. இத்தனை வருசத்துல நான் இப்படி ஒண்ணக் கண்டதில்ல."

"சோறு ஆறுது, சாப்பிடுங்க."

"கருகருன்னு, மேலெல்லாம் புள்ளி..."

"செத்ததப் பத்திச் சாப்பாட்டு நேரத்துல பேசாதீங்க."

எனக்குத் தலைவலி. மூன்று ஜாக்கெட் வெட்டினேன். ஒன்றில் கை அளவைத் தப்பாக வெட்டிவிட்டேன். பதினைந்து வருஷத் தையலில் இதுதான் முதல் தடவை.

ஏப்ரல் 30, புதன்

கொக்கி தீர்ந்துவிட்டது. டவுனுக்குப் போகச் சோம்பல். எழுத ஒன்றுமில்லை.

மே 3, சனி

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

கரையெல்லாம் வளை வளையாக இருக்கிறது, எலியா நண்டா தெரியவில்லை, ஐப்பசி மழைக்குக் கரை தாங்குமா என்று இவர் நான்கு நாளாகப் புலம்புகிறார். வளையை மட்டும் பார்த்துவிட்டு வருவோம் என்றுதான் போனேன். மடைக்குப் பக்கத்தில் தண்ணீர் இறங்கிய இடத்தில் வரிசையாக ஓட்டை. என் கை முழங்கை வரை போகும். குனிந்து பார்த்தேன். ஒரு ஓட்டைக்குள் தடித்த வால் ஒன்று சேற்றை அடித்துவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தேன்.

நூற்றியொன்று. அவ்வளவுதான். அதில் பாதியைக் கொக்கு தின்றிருக்கும். மீதி என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது.

இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை. கிழித்துவிடலாம் என்று பார்த்தால் பின்பக்கம் இரண்டு பேர் ஜாக்கெட் அளவு இருக்கிறது.

மே 10, சனி

தங்கை பூங்கொடி வந்துவிட்டாள். கீழக்குறிச்சியில் வாக்கப்பட்டிருக்கிறாள். எங்கள் கண்மாய் நிறைந்து மறுகால் போனால் தண்ணீர் போய்ச் சேர்கிற அடுத்த ஊர் அது. கூடவே மகிழினி. நாலு வயசு. வந்து பத்து நிமிஷத்தில் என் மெஷின் மிதியில் ஏறி நின்று ஆட ஆரம்பித்துவிட்டாள்.

ஏழாம் மாதத்திலேயே பிறந்தவள் அவள். முக்கால் கிலோ. மதுரையில் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் நாற்பத்தியொரு நாள் கிடந்தாள். என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். இன்று அவளுக்குப் பாவாடைக்கு அளவெடுத்தேன். இடுப்பு பத்தொன்பது. எனக்குப் பிள்ளை இல்லை, இவள்தான் என் பிள்ளை. பூங்கொடியிடம் இதைச் சொன்னால் முறைப்பாள். முறைக்கட்டும்.

நாளை விடிந்தால் திருவிழா.

மே 11, ஞாயிறு

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

விடியும்போதே கரை நிறைந்துவிட்டது. இரண்டாயிரம் பேர் இருக்கும். ஊத்தாக் கூடை, கச்சா வலை, கொசுவலை, சேலை, கைக்குக் கிடைத்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். அய்யனாருக்குப் பூசை முடிந்ததும் சேவுகன் அம்பலம் மடைமேல் ஏறி நின்று வெள்ளைத் துண்டை வீசினார். ஓவென்று ஒரு இரைச்சல். எல்லாரும் ஒன்றாக இறங்கினோம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் இறங்கினேன், எல்லாரும் இறங்கும்போது நான் மட்டும் கரையில் நின்றால் கேட்பார்களே.

அப்புறம் அந்த இரைச்சல் நின்றுவிட்டது. எனக்கு அதுதான் இன்னும் காதில் இருக்கிறது. மீன்பிடித் திருவிழாவில் சத்தம் கூடிக்கொண்டுதான் போகும். இன்று ஐந்து நிமிஷத்தில் அடங்கிவிட்டது.

என் பக்கத்தில் ஒருவன் ஊத்தாவைப் போட்டுக் கையை உள்ளே விட்டான். விட்டவன் ஐயோ என்று உதறினான். உள்ளங்கை கிழிந்து ரத்தம். அந்தப் பக்கம் இரண்டு பேர் கச்சாவைத் தூக்கினார்கள், தூக்க முடியவில்லை. அவ்வளவு கனம். மேலே வந்ததும் பார்த்தால் எல்லாம் அதுதான். கறுப்பாக, புள்ளிபுள்ளியாக, முழ நீளத்துக்கு. வலைக்கண்ணில் முள் மாட்டிக்கொண்டு வலையே கிழிகிறது. அடுத்த கச்சாவிலும் அது. அதற்கடுத்ததிலும் அது. விரால் இல்லை. கெளுத்தி இல்லை. கெண்டை இல்லை. ரெண்டாயிரம் பேர் இறங்கிய கண்மாயில் நாலைந்து ஜிலேபி மீனும் ஒரு குரவையும் கிடைத்ததாகப் பேச்சு.

அம்பலம் மடைமேல் அப்படியே நின்றார். துண்டு கையிலேயே இருந்தது. இவர் இடுப்பளவுப் பள்ளத்தில் நின்றுகொண்டு கையை விட்டு விட்டு எடுக்கிறார், ஒவ்வொரு தடவையும் அதையே எடுக்கிறார், போட்டுவிட்டு மறுபடியும் விடுகிறார். இரண்டு கையும் ரத்தம். போதும் வாங்க என்று இழுத்தேன். என்னைப் பார்த்தார், நான் யார் என்று தெரியாத மாதிரி.

கரையில் அம்பாரமாகக் கொட்டியிருந்தார்கள். தகரமீன் என்று அதற்குள் யாரோ பெயர் வைத்துவிட்டார்கள். வெயில் ஏறி உச்சிக்கு வந்துவிட்டது, அது இன்னும் வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. மகிழினி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"பெரியம்மா, இது ஏன் சாகவே இல்ல?"

அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் ஊரில் ஒரு வீட்டில்கூட மீன் குழம்பு இல்லை. தெரு முழுக்க ரசம் கொதிக்கிற வாசனை. வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் வெறும் தூக்குவாளியோடு பஸ் ஏறினார்கள்.

மே 12, திங்கள்

பூங்கொடியும் பிள்ளையும் காலையில் கிளம்பிவிட்டார்கள். நல்லவேளை, அடுத்து நடந்ததைப் பார்க்கவில்லை.

மந்தைத் திடலில் ஊர்க்கூட்டம். சின்னக்காளை எழுந்தான். கண்மாய்க்குக் கீழே நான்கு ஏக்கர் வைத்திருக்கிறவன், வாய் கொஞ்சம் நீளம்.

"நாலு வருசமா நம்ம யாரும் தண்ணியில காலு வைக்கல. அப்ப மீனு எங்கய்யா போச்சு? ரெக்க மொளச்சுப் பறந்துருச்சா? காவக்காரன் யாவாரிக்கு வித்துட்டான். ஒண்ணுமில்லாம இருந்தாக் கண்டுபிடிச்சுருவாகளேன்னு இந்தக் கழிசடையக் கொண்டாந்து விட்டுருக்கான்."

ஒருவர்கூட அவனை அதட்டவில்லை. இவர் எழுந்து நின்றார். கட்டுப்போட்ட இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார், அவ்வளவுதான்.

அம்பலம் தீர்ப்புச் சொன்னார். வெள்ளிக்கிழமை காலை, அய்யனார் கோயிலில் வெள்ளைக்கண்ணு சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். "இந்த மீனு கண்மாய்க்கு வந்ததுல எனக்கோ என் வீட்டு ஆளுக்கோ சம்பந்தமில்ல" என்று சொல்லி எரிகிற சூடத்தைக் கையால் அணைக்க வேண்டும். பொய் என்றால் நாற்பத்தியொரு நாளில் அய்யனார் கேட்டுவிடுவார்.

வீட்டுக்கு வந்து சொன்னார், "நமக்கென்ன திலகா பயம்? மடியில கனமிருந்தாத்தான வழியில பயம். அணச்சுட்டு வந்துர்றேன்."

எனக்கோ என் வீட்டு ஆளுக்கோ. அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து ஒரு தையல்கூடப் போடவில்லை.

மே 13, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். யாரிடமும் சொல்ல முடியாததை இதிலாவது.

மகிழினி பெட்டிக்குள் கிடந்தபோது வேண்டிக்கொண்டேன். பிள்ளை பிழைக்க வேண்டும் அய்யனாரே, உன் கண்மாயில் நூற்றியொரு மீன் விடுகிறேன். எங்கள் ஊரில் இது வழக்கம்தான், மீன்குஞ்சு வாங்கி விடுவார்கள். கெண்டைக் குஞ்சு வாங்கிப் பிளாஸ்டிக் பையில் தண்ணீரும் காற்றும் அடைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்தேன். வெயில். கண்மாய்க்கரையில் பையைப் பிரித்தால் அத்தனையும் மல்லாந்து மிதந்தது. வேண்டுதல் மீன் செத்தால் யாருக்காக வேண்டினோமோ அவர்களுக்கு ஆகாது. கரையிலேயே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். ஆஸ்பத்திரிக்குப் போன் போடவே பயம்.

மறுநாள் மதுரைக்குப் போய்க் கண்ணாடித் தொட்டி மீன் விற்கிற கடை ஒன்றில் ஏறினேன். விலை கேட்கவில்லை, ரகம் கேட்கவில்லை. "தம்பி, சாகாத மீன்தான் வேணும்" என்றேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் மூலையில் ஒரு தொட்டியைக் காட்டினார். கண்ணாடியில் வாயை வைத்து ஒட்டிக்கொண்டிருந்தன, விரல் நீளத்துக்கு. "அழுக்கத் தின்னுக்கிட்டு அது பாட்டுக்குக் கிடக்கும்க்கா. தரையில தூக்கிப் போட்டாக்கூட அரை நாள் உசுரோட இருக்கும்." அதுதான் வேண்டும் என்று நூற்றியொன்று எண்ணி வாங்கினேன். சாயங்காலம் மடைக்குப் பக்கத்தில் விட்டேன். ஒன்றுகூடச் சாகவில்லை. மூன்றாம் நாள் பூங்கொடி போன் பண்ணினாள், பிள்ளை தானாக மூச்சு விடுகிறாள் என்று.

வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்பார்கள். அதனால் இவரிடம்கூடச் சொல்லவில்லை. அப்புறம் அந்தப் பக்கம் போகவும் பயம். மீனுக்கு ஏதாவது ஆகியிருந்து அதை என் கண்ணால் பார்த்துவிட்டால் என்ன செய்வேன்.

இப்போது சொன்னால் என்ன ஆகும்? ஊர் அத்தனையையும் அள்ளிக் கொல்லும். என் பிள்ளையின் உயிருக்கு ஈடாக விட்டது. சொல்லாவிட்டால் இவர் பொய்ச் சத்தியம் செய்வார், அது பொய் என்று தெரியாமலே. அய்யனாருக்குத் தெரியும். இரண்டில் ஒன்றுதான், மூன்றாவது வழி தேடித் தேடி மண்டை காய்ந்துவிட்டது.

மே 15, வியாழன்

யாரும் ஜாக்கெட் வாங்க வரவில்லை. தைத்தது பதினாலும் கொடியில் தொங்குகிறது. இவர் நாளைக்குக் கட்ட வேட்டி துவைத்துப் போட்டிருக்கிறார்.

மே 16, வெள்ளி

ஊரே கோயிலில். வெண்கலத் தட்டில் சூடம் கொளுத்தினார்கள். இவர் கட்டை அவிழ்த்துவிட்டிருந்தார், உள்ளங்கைக் காயம் இன்னும் ஆறவில்லை. நான் பெண்கள் பக்கம் நின்றேன். இப்போது சொல்கிறேன், இப்போது சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். கண்ணுக்கு முன்னால் மகிழினியின் முகம்தான்.

"எனக்கோ, என் வீட்டு ஆளுக்கோ" என்று ஆரம்பித்தார். கையை நீட்டினார்.

"அவர் சொல்றது பொய்யி" என்று கத்திவிட்டேன்.

எல்லாரும் திரும்பினார்கள். அவரும் திரும்பினார்.

"அவருக்குத் தெரியாதுய்யா. நான்தான் விட்டேன். நூத்தியொண்ணு. என் தங்கச்சி மகளுக்கு வேண்டிக்கிட்டு."

என்னை வையப் போகிறார்கள், அடித்தாலும் அடிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். தட்டில் சூடம் தானாக எரிந்து அணைந்தது. சின்னக்காளை தலையைக் குனிந்துகொண்டு தரையைப் பார்த்தான். யாரும் கேட்காமலே சொன்னான்:

"என் மகன் திருப்பூருக்கு வேலைக்குப் போறப்ப வீட்டுல இருந்த தொட்டிய நான்தான் கொண்டுபோயிக் கண்மாயில கவுத்தேன். அதுலயும் இது ரெண்டு இருந்துச்சு. உசுரோட இருக்குறதக் குப்பையில கொட்ட மனசு வரல."

இவ்வளவையும் வைத்துக்கொண்டா நான்கு நாளாக இவரைத் திருடன் என்று சொன்னான்? அதற்குள் பின்னாலிருந்து ஒரு பெண், கொசு முட்டையைத் தின்னும் என்று யாரோ சொன்னார்கள், ஒரு டப்பா மீன் வாங்கிவந்து விட்டேன், அது என்ன மீன் என்று தெரியாது என்றாள். கடைசியில் அம்பலம் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"மூணு வருசத்துக்கு முன்ன ஊர்க் காசுல குஞ்சு வாங்கி விட்டமே. வழக்கமா வாங்குற எடத்துல வாங்காம, சல்லிசாக் கெடைக்குதுன்னு வண்டியில கொண்டாந்தவன்கிட்ட வாங்குனேன். பையில என்னென்ன இருந்துச்சுன்னு நானும் பாக்கல. கறுப்பா கொஞ்சம் கெடந்துச்சு. கெளுத்தின்னு நெனச்சேன்."

இவர் எல்லாருடைய முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். செருப்பைக்கூடப் போடாமல் வெளியே நடந்துவிட்டார்.

மே 17, சனி

காலையில் காபி கொண்டுபோய் வைத்தேன். எடுக்கவில்லை.

"மீன் விட்டதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. புள்ளைக்காக விட்ட. சூடத்துக்குக் கைய நீட்டுற வரைக்கும் பாத்துக்கிட்டு நின்னியே. நாலு ராத்திரி என் பக்கத்துலதான படுத்திருந்த?"

ஆறிய காபியை உள்ளே எடுத்துப் போனேன். அதற்கப்புறம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

மே 19, திங்கள்

மீன்வளத் துறையிலிருந்து ஒரு அம்மா வந்தார்கள். சின்ன வயசுதான், வெயிலில் கரை முழுக்க நடந்தே பார்த்தார்கள். கண்ணாடித் தொட்டியைத் துடைக்க வளர்க்கிற மீன் இது, வெளிநாட்டு மீன், இங்கே இதைத் தின்ன எதுவும் இல்லை என்றார்கள். வாலும் முள்ளும் தகரமுமாக இருப்பதை எது தின்னும்? தின்னப் போன நீர்க்காகம்தான் செத்தது. மற்ற மீன் போடுகிற முட்டையை இது பாசியோடு சேர்த்துத் தின்றுவிடும். கரையைக் குடைந்து முட்டை போடும், ஆண் மீன் வாசலில் காவல் இருக்கும்.

"நூத்தியொண்ணா இருந்தாலும் சரி, ரெண்டா இருந்தாலும் சரி, நாலு வருசம் யாரும் தொடாம விட்டா இப்படித்தான் ஆகும். வருசா வருசம் பிடிச்சிருந்தீங்கன்னா மொத வருசமே கண்ணுல பட்டிருக்கும். நீங்க காவல் காத்தது விராலை இல்லீங்கய்யா. இதைத்தான் காத்திருக்கீங்க."

அந்த அம்மா அதை இவரைப் பார்த்துச் சொன்னார்கள், அவர்தான் காவல்காரர் என்று தெரியாமல். இவர் தலையை ஆட்டினார். எனக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

மடையைத் திறந்து வற்ற வைத்துவிடலாமா என்று அம்பலம் கேட்டார்.

"திறந்தா கீழ் ஊருக்குப் போயிரும். அப்புறம் அவங்க கண்மாய், அதுக்குக் கீழ ஆறு. இது தானா நடந்து எங்கயும் போகாதுங்கய்யா. கொஞ்ச தூரம் தண்ணி கொண்டுபோகும், மீதி தூரம் மனுசந்தான் தூக்கிட்டுப் போவான்."

போன கார்த்திகையிலேயே மறுகால் பாய்ந்துவிட்டது என்றார் இவர். அந்த அம்மா அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். கையாலேயே பிடித்து அழியுங்கள், உயிரோடு ஒன்றும் வெளியே போகக் கூடாது என்றுவிட்டுப் போனார்கள்.

மே 21, புதன்

காலையிலிருந்து பிடித்து, புதைக்க வெட்டிய குழிக்கு அருகே குவித்திருக்கிறார்கள். கொல்லத்தான் ஒருவரும் முன்வரவில்லை. வேண்டுதல் மீன் என்று தெரிந்துவிட்டதே, யார் தலையில் விடியும் என்ற பயம். கடப்பாரையை வைத்துக்கொண்டு வாட்டசாட்டமான ஆம்பிளைகள் சும்மா நிற்கிறார்கள். அம்பலம் என்னைப் பார்த்தார்.

விறகுக் கட்டை ஒன்றை எடுத்தேன். முதல் அடி தகரத்தில் பட்ட மாதிரி எகிறியது. இரண்டாவது தலையில். மகிழினி, மகிழினி என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. ஐந்தாறு அடித்த பிறகு சின்னக்காளை வந்து கட்டையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். அப்புறம் எல்லாரும் இறங்கினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பூங்கொடிக்குப் போன் போட்டேன். பிள்ளை என்ன செய்கிறாள் என்றேன். பழையது தின்கிறாள் என்றாள். காய்ச்சல் இல்லையே என்றேன். ஏன்க்கா காய்ச்சல் வரணும் என்றாள்.

மே 22, வியாழன்

போன் போட்டேன். நன்றாக இருக்கிறாள்.

மே 23, வெள்ளி

மூன்று தடவை போட்டேன். நன்றாக இருக்கிறாள். குழி இரண்டு நிறைந்துவிட்டது, மூன்றாவது வெட்டுகிறார்கள். சேறு கிளறக் கிளற வந்துகொண்டே இருக்கிறது.

மே 24, சனி

பூங்கொடி பிடித்துக்கொண்டாள். "நாலு நாளா என்னக்கா பிள்ளையவே கேக்குற? உங்க ஊர்ல என்னென்னமோ நடந்ததாச் சொல்றாக. என்னன்னு சொல்லு."

சொன்னேன். பெட்டிக்குள் பிள்ளை கிடந்தது, நான் வேண்டிக்கொண்டது, மதுரைக் கடை, நூற்றியொன்று. அந்தப் பக்கம் ஒரே அழுகை. இத்தனை வருஷமா என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே, எம்புள்ள உன்னாலதான்க்கா இருக்கு என்று தேம்பினாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அவள் என்னிடம் இப்படி மனசு விட்டுப் பேசி வருஷக்கணக்காகிறது.

கொன்றதை மட்டும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அதை எப்படிச் சொல்வது.

மே 26, திங்கள்

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"அக்கா, நீ இனிமே கவலையே படாத. உன் மீனு எங்க கண்மாய்லயும் கிடக்குக்கா. தண்ணி வத்திச் சேத்துல கிடந்து துடிக்குது. எங்க மாமனார் வெட்டி எறியப் போனாரு, நான் விடுவேனா? எம்புள்ளையக் காப்பாத்துன மீனச் சாக விட்டுட்டு நான் மனுசியா? அண்டாவுல அள்ளிக்கிட்டுப் போயி, மஞ்சக் குங்குமம் வச்சு, மகிழினி கையால ஊருணியில விட்டுட்டோம்."

ஊருணி அவர்கள் ஊர் குடிக்கிற தண்ணீர். கோடையிலும் வற்றாது.

"எத்தன விட்ட?"

"எண்ணலக்கா. அம்பது அறுபது இருக்கும். பாக்க நீ இல்லையேன்னு இருந்துச்சு."

சொல்லாமல் விட்டது ஒரே ஒரு விஷயம். இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

"பூங்கொடி, அத எடுக்கணும். அத்தனையும் எடுத்துக் கொல்லணும்."

"என்னக்கா சொல்ற?"

"நாங்க இங்க கொன்னுட்டோம். மொத அடி நான்தான் அடிச்சேன். புதன்கெழம."

வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"எம்புள்ள உசுருக்குன்னு விட்டத நீயே அடிச்சியா? அடிச்சுட்டுத்தான் தெனமும் போன் போட்டுப் புள்ள இருக்காளா இல்லையான்னு கேட்டியா?"

"பூங்கொடி..."

"இங்க எடுத்துக் கொன்னு நாளைக்கு எம்புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா? நீ பொறுப்பா? சொல்லு."

"பொறுப்பு" என்றேன். "நான்தான் பொறுப்பு."

வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. நாலு தடவை கூப்பிட்டேன்.

இவர் நிலைப்படியில் நின்றிருந்தார், எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். பத்து நாள் என்னோடு பேசாத மனுஷன் கேட்டார், "கீழக்குறிச்சிக்கு மொத பஸ் எத்தன மணிக்கு?"

"அஞ்சேகால்."

கிழிந்த கச்சாவை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் ஊசியில் நூல் கோர்த்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். காலையில் நாங்கள் போவோம். ஊருணிப் படியில் அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு குறுக்கே வந்து நின்றால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.